916க்கும் 999க்கும் இடையில்

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், போன வருடம் ஆனி மாதம் திருமணமான ஒரு பெண்ணின் கழுத்தில் இருக்கும் சங்கிலி 19 கிராம். அது 20 கிராமாக இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு கிராம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். போகும் வழியில் யாரும் திருடவில்லை. கடைக்காரர் எடையில் ஏமாற்றவில்லை. சட்டப்படி, ரசீதில் அச்சடித்து, என் கண் முன்னால்தான் அது குறைந்தது. குறைந்தது ஏன் நியாயம் என்று விளக்கக்கூடிய வேலையில் இருப்பவள் நான். இருபது வருடங்களாகச் சிங்கப்பூரில் சிறு வணிகங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்கான ஜிஎஸ்டி, அதாவது பொருள் சேவை வரிப் படிவத்தை நிரப்பி அனுப்புகிறேன். அன்றைக்கு என்னால் விளக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நாள் கழித்தும் இதை எழுதுகிறேன்.

நான் கணக்குப் பார்க்கும் கடைகளில் ஒரு சின்னக் கட்டுமானத் துணைக்குத்தகை நிறுவனமும் உண்டு. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் என்னைக் கணக்கு அக்கா என்பார்கள். சம்பளச் சீட்டில் மேலதிக நேரம் சரியாக ஏறியிருக்கிறதா, ஊருக்குப் பணம் அனுப்ப எந்த நாள் நல்லது என்று கேட்பார்கள். அவர்களில் ஒருவன், பெயர் வேண்டாம், தம்பி என்றே எழுதுகிறேன், ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, தங்கச்சிக்குச் சங்கிலி எடுக்க வேண்டும். எனக்கு நகைக்கடையில் பேசத் தெரியாது. நீங்கள் வந்தால் தைரியமாக இருக்கும்" என்றான். அம்மாவிடம் இரண்டரைப் பவுன் என்று சொல்லிவிட்டானாம். இரண்டரைப் பவுன் என்றால் 20 கிராம். மாப்பிள்ளை வீட்டிலும் அதே சொல்தான் போயிருக்கிறது.

கடைக்குள்

2025 ஜூன் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு பிற்பகல் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா, எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கணக்கெழுதும் ஒரு நகைக்கடைக்கே அவனை அழைத்துப் போனேன். செய்கூலியில் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார் என்ற எண்ணம். குறைக்கவும் செய்தார், மனிதர் நல்லவர். தம்பி வெளுத்து மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தான். பாக்கெட்டில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் 2,950 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பதினான்கு மாதச் சேமிப்பு. கைப்பேசியில் கிராம் விலையைப் பார்த்து, செய்கூலியையும் உத்தேசமாகச் சேர்த்து, கையில் கொஞ்சம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தான்.

கண்ணாடிக் கூண்டு வைத்த சின்னத் தராசு. சங்கிலியை அதன் தட்டில் வைத்து, காற்றுப் படாமல் கதவை இழுத்து மூடினார் கடைக்காரர். 20.00 என்று எண்கள் நின்றன. தம்பி குனிந்து அந்த எண்களையே பார்த்தான். தங்கமும் செய்கூலியும் சேர்த்து 2,800 வெள்ளி என்றார். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பிறகு அவர் கணிப்பானைத் தட்டி, 9 விழுக்காடு ஜிஎஸ்டி 252 வெள்ளி, ஆக மொத்தம் 3,052 என்றார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வரியைப் பற்றி ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அது எனக்கு மூச்சு விடுவது போன்ற பழக்கம், அதனால் சொல்லத் தோன்றவில்லை. 102 வெள்ளி குறைந்தது. நான் கைப்பையைத் திறந்தேன். "வேண்டாம் அக்கா. கடன் காசு கலந்த நகை அவள் கழுத்தில் ஏற வேண்டாம்" என்றான். குரலில் பணிவு இருந்தது, அசைக்க முடியாத உறுதியும் இருந்தது. நான் பையை மூடிவிட்டேன்.

அந்த நேரத்தில் பக்கத்து மேசையில் சென்னையிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பம் இரண்டு வளையல்கள் எடுத்திருந்தது. பணியாளர் அவர்களிடம் கடப்பிதழைக் கேட்டு வாங்கி, விவரத்தைப் பதிந்துவிட்டு, "விமான நிலையத்தில் இயந்திரத்தில் காட்டினால் வரிப் பணம் திரும்பக் கிடைக்கும்" என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். நூறு வெள்ளிக்கு மேல் வாங்கினால் சுற்றுப்பயணிகளுக்கு உள்ள சலுகை அது. தம்பி அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு கடைக்காரரிடம், "அண்ணே, எனக்கும் பாஸ்போர்ட் இருக்கிறது. இன்னும் பதினைந்து நாளில் நானும் விமானம் ஏறுகிறேன். இந்தச் சங்கிலியும் ஊருக்குத்தான் போகிறது" என்றான். கடைக்காரர் சங்கடப்பட்டார். "நீங்கள் இங்கே வேலை செய்கிறீர்கள் அல்லவா தம்பி. வேலை செய்பவர்களுக்கு அது இல்லை" என்றார். விதி அப்படித்தான். பொருள் வாங்குவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் இங்கே வேலை செய்திருந்தால் அவர் சுற்றுப்பயணி ஆக மாட்டார்.

அடுத்து நடந்ததுதான் எனக்குள் தங்கிவிட்டது. கண்ணாடி மேசையின் மூலையில் பிளாஸ்டிக் அட்டைக்குள் அடைத்த சின்னச் சின்னத் தங்கக் கட்டிகள் இருந்தன. 999.9 என்று பொறித்தவை, ஏறக்குறைய முழுத் தூய தங்கம். சங்கிலியோ 916, அதாவது 91.6 விழுக்காடு தூய்மை. "இது என்ன அண்ணே?" என்று கேட்டான். முதலீட்டுக்கு வாங்குவது, கட்டித் தங்கம் என்றார் அவர். "இதற்கும் 9 விழுக்காடா?" "இல்லை தம்பி. இதற்கு வரி கிடையாது." தம்பி சங்கிலியைப் பார்த்தான், கட்டியைப் பார்த்தான். இரண்டும் மஞ்சள். இரண்டும் தங்கம். "அப்படியானால் இதை வாங்கிக்கொண்டு போய் ஊர் ஆசாரியிடம் சங்கிலி செய்துகொண்டால்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கடைக்காரர் தலையசைத்தார். நகையாக இருந்தால்தான் இந்தியச் சுங்கத்தில் கொஞ்சமாவது விட்டுக்கொடுப்பார்கள், கட்டிக்கு அந்தச் சலுகையும் இல்லை, அங்கே பிடித்துக்கொள்வார்கள் என்றார்.

கடைசியில் 19 கிராமில் ஒரு சங்கிலி இருந்தது. 2,660 வெள்ளி. வரி 239 வெள்ளி 40 காசு. மொத்தம் 2,899 வெள்ளி 40 காசு. தம்பி நோட்டுகளை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தான். ரோஜா நிறத் தாளில் மடித்து, சிவப்புப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். வெளியே வந்து சிராங்கூன் சாலை ஐந்தடி நடைபாதையில் நின்றுகொண்டு, "அம்மா எடை போட்டுப் பார்க்க மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில்தான் போடுவார்கள்" என்றான். என்னிடம் சொன்னதா, தனக்குள் சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை. நான் ஒன்றும் பேசவில்லை.

என் பழைய கணக்கு

நான் ஜிஎஸ்டியின் எதிரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த வரியைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சில் பாதி வெறும் ஆத்திரம். 1994 ஏப்ரலில் 3 விழுக்காட்டில் தொடங்கியபோது நான் தொடக்கநிலை மாணவி. 2003இல் 4, 2004இல் 5, 2007 ஜூலையில் 7, 2023இல் 8, 2024இல் 9. ஒவ்வொரு படியிலும் என் அண்ணன் ஒரே வாக்கியத்தைச் சொல்வான்: "அரிசி வாங்குபவனுக்கும் வைரம் வாங்குபவனுக்கும் ஒரே விழுக்காடு. ஏழை வயிற்றில்தான் அடி." அவன் டாக்சி ஓட்டுகிறான். ஒரு நாளைக்குப் பதினொரு மணி நேரம் சாலையில் இருப்பவன் சொல்வதை அலட்சியம் செய்யக் கூடாது. அவன் சொல்வதில் உண்மையும் உண்டு. கையில் வருவதையெல்லாம் செலவழிக்க வேண்டிய வீட்டுக்கு, செலவின்மீது விழும் வரி வருமானம் முழுவதன் மீதும் விழுகிறது. பாதியை மிச்சம் பிடிக்கும் வீட்டில் அது பாதி வருமானத்தின் மீதுதான் விழுகிறது.

2024 ஜனவரியில் வரி 9 ஆனபோது அம்மா வீட்டில் இதே சண்டை. தோ பாயோவில் மூவறை வீடு. மின்கட்டணப் பட்டியலின் பின்பக்கத்தில் அண்ணனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா மாதம் 650 வெள்ளி செலவழிக்கிறார் என்று வை. ஆண்டுக்கு 7,800. எல்லாவற்றுக்கும் முழு வரி என்றே வைத்துக்கொண்டாலும் 702 வெள்ளி. உண்மையில் அவ்வளவு வராது. ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடைகள் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை, அம்மா தினமும் இட்லி வாங்கும் உணவங்காடிக் கடையும் அதில் ஒன்று. அதற்கு எதிராக ஆகஸ்ட் மாதம் ஜிஎஸ்டி பற்றுச்சீட்டில், அதாவது வருமானம் குறைந்த குடிமக்களுக்கு அரசாங்கம் தரும் உதவியில், ரொக்கமாக 850 வெள்ளி அம்மாவின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. மின்கட்டணத் தள்ளுபடி தனி. மருத்துவச் சேமிப்புக் கணக்கில் போடுவது தனி. ஆக அம்மா கட்டும் ஜிஎஸ்டி பூஜ்யத்துக்கும் கீழே. அண்ணன் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்து கைகழுவப் போனான். அன்றைக்கு எனக்கு நிறைந்த மனது.

இன்னும் ஒன்றையும் அவனிடம் சொன்னேன். நிதி அமைச்சு நாடாளுமன்றத்தில் பலமுறை சொன்ன விவரம்: குடும்பங்களும் தனிமனிதர்களும் சுமக்கும் நிகர ஜிஎஸ்டியில் 60 விழுக்காட்டுக்கு மேல் வருவது மூன்று தரப்பிடமிருந்து. இங்கே வசிக்கும் வெளிநாட்டினர், சுற்றுப்பயணிகள், ஆக உயர்ந்த வருமானமுள்ள 20 விழுக்காட்டுக் குடும்பங்கள். அதாவது பணம் உள்ளவனிடம் வாங்கி, அம்மா போன்றவர்களுக்குக் கொடுக்கிறார்கள். வருமானவரியில் முதல் 20,000 வெள்ளிக்கு வரியே இல்லை, பத்து லட்சத்துக்கு மேல் போனால் 24 விழுக்காடு. பெரிய பங்களாவில் குடியிருப்பவர் கட்டும் சொத்துவரியின் உச்ச விகிதம் 32 விழுக்காடு. மொத்தமாகப் பார்த்தால் இது நியாயமான ஏற்பாடு என்று வாதிட்டேன். இன்றைக்கும் அம்மாவைப் பொறுத்தவரையில் அதை வாபஸ் வாங்கவில்லை.

ஆனால் அந்த ஞாயிறு இரவு, சாப்பிட்டு முடித்து விளக்கை அணைத்தபிறகு, அந்த மூன்று தரப்பைப் பற்றிய வாக்கியம் திரும்ப வந்தது. "இங்கே வசிக்கும் வெளிநாட்டினர்." இரண்டு வருடமாக அந்தச் சொற்களைச் சொல்லும்போதெல்லாம் என் மனதில் வசதியான ஒரு வங்கி அதிகாரியின் உருவம் இருந்திருக்கிறது. ராஃபிள்ஸ் பிளேசில் வேலை, ரிவர் வேலியில் குடியிருப்பு, ஆர்ச்சர்டில் செலவு. அந்த உருவத்தை வைத்துத்தான் அண்ணனை வாயடைத்தேன். தம்பியும் இங்கே வசிக்கும் வெளிநாட்டவன்தானே. துவாஸ் பக்கம் விடுதியில் பன்னிரண்டு பேரோடு ஓர் அறையில் வசிக்கிறான். அவன் கொடுத்த 239 வெள்ளி 40 காசும் அந்த 60 விழுக்காட்டுக்குள்தான் சேரும். "இந்த வரியை ஏழைகள் சுமக்கவில்லை" என்று நிரூபிக்க நான் எடுத்துக்காட்டும் எண்ணுக்குள், இந்த ஊரில் ஆகக் குறைந்த சம்பளம் வாங்குபவனின் பணமும் கலந்திருக்கிறது. இது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. நான் பார்க்காத செய்தி.

எது நுகர்வு, எது சேமிப்பு

கட்டித் தங்கத்துக்கு ஏன் வரி இல்லை என்பதற்குக் காரணம் உண்டு, அது பொய்க் காரணமும் இல்லை. 2012 அக்டோபர் முதல் தேதியிலிருந்து முதலீட்டுத் தரமுள்ள தங்கம், வெள்ளி, பிளாட்டினத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு அளிக்கப்பட்டது. தங்கமென்றால் 99.5 விழுக்காடு தூய்மை இருக்க வேண்டும். சிங்கப்பூர் தங்க வர்த்தக மையமாக வளர வேண்டும் என்பது ஒரு நோக்கம். இன்னொன்று கொள்கை சார்ந்தது. ஜிஎஸ்டி என்பது நுகர்வின் மீது விழும் வரி. பங்கு வாங்கினால், வங்கியில் வைப்பு வைத்தால் அதற்கு ஜிஎஸ்டி இல்லை, ஏனென்றால் அங்கே எதுவும் நுகரப்படவில்லை. பணம் ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தங்கக் கட்டியும் அப்படியே. நகை அப்படியில்லை, அது அணிகலன், வாங்கி அனுபவிப்பது, ஆகவே நுகர்வு. பாடப்புத்தகத்தில் இதைப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை.

இப்போது எழுகிறது. பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சிறு விவசாயி வீட்டில் நகை என்பது என்ன? மழை பொய்த்தால் கூட்டுறவு வங்கியில் அடகு வைக்கும் பொருள். பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்டும் வழி. கணவன் கைவிட்டால் பெண்ணின் கையில் இருக்கும் ஒரே சொத்து. தம்பி சிங்கப்பூருக்கு வர முகவருக்குக் கட்டிய பணத்தில் ஒரு பகுதி அவன் அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்து வந்தது, அதை மீட்க அவனுக்கு இரண்டு வருடம் பிடித்தது. அந்த வீட்டுக்கு 916தான் வங்கி வைப்பு, 916தான் பங்குச் சந்தை, 916தான் காப்புறுதி. கட்டித் தங்கத்தைப் பெட்டகத்தில் வைப்பவர் செய்வதும் தம்பி செய்வதும் ஒரே காரியம். சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது வடிவமும் தூய்மை விகிதமும் மட்டும். 99.5க்குக் குறையாத கட்டி முதலீடு, 91.6 நகை அலங்காரம். கோடு எங்கேயாவது போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கோட்டின் இந்தப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், அந்தப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

சுற்றுப்பயணிக்குத் திருப்பிக் கொடுப்பதிலும் ஒரு கொள்கை இருக்கிறது. இந்த ஊரில் பயன்படுத்தப்படும் பொருளுக்கே இந்த ஊர் வரி. வெளிநாட்டுக்குப் போகும் சரக்குக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஒரு கப்பல் நிறைய அனுப்பினாலும் பூஜ்ய விகிதம்தான். சுற்றுப்பயணி பெட்டியில் எடுத்துப் போகும் வளையலும் ஒரு வகையில் ஏற்றுமதியே, ஆகவே வரி திரும்புகிறது. சரி. அப்படியென்றால் தம்பியின் சங்கிலி என்ன? அது ஒருநாள்கூட இந்த ஊரில் யார் கழுத்திலும் ஏறவில்லை. பதினைந்து நாள் விடுதிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்துவிட்டு விமானம் ஏறியது. சென்னைக் குடும்பத்தின் வளையலாவது அன்று மாலையே அந்த அம்மாளின் கையில் ஏறி, அவரோடு மரினா பே வரைக்கும் போய் வந்திருக்கக் கூடும். வரியின் சொந்தக் கொள்கைப்படியே பார்த்தாலும் தம்பிக்குத்தான் முதலில் திரும்பக் கிடைத்திருக்க வேண்டும். அவன் என்ன வாங்கினான், எங்கே கொண்டுபோனான் என்பது தடையாக இல்லை. இங்கே உழைத்தான் என்பது தடையாகிவிட்டது. இதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் அம்மா வீட்டில் இதைச் சொன்னபோது அண்ணன் என் பக்கம் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். ஏழை வயிற்றில் அடி என்று முப்பது வருடமாகச் சொல்பவன் அல்லவா. அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அவர்கள் நம் நாட்டவர் இல்லையே. சம்பாதிக்க வருகிறார்கள், சம்பாதித்துப் போகிறார்கள். வருமானவரியும் கிடையாது. சாலை, பேருந்து, போலீஸ் எல்லாம் அவர்களுக்கும் சேர்த்துத்தானே? அந்த வங்கிக்காரனுக்கும் பற்றுச்சீட்டு இல்லை, இவனுக்கும் இல்லை. சரியாகத்தானே இருக்கிறது?" என்றான். இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு, நான் மறுக்கவில்லை. பற்றுச்சீட்டு குடிமக்களுக்கு உரியது. தேசிய சேவை செய்தவனுக்கும், காலமெல்லாம் இங்கே வரி கட்டப் போகிறவனுக்கும் அரசாங்கம் முதலில் கொடுப்பது முறைதான். அம்மாவின் 850 வெள்ளியைத் தம்பிக்கும் கொடு என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அவன் உழைப்பிலிருந்து இந்த ஊர் ஒன்றும் வாங்கவில்லை என்பது சரியில்லை. சம்பளக் கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கட்டுமானத் துறையில் வேலை அனுமதி அட்டையில் இருக்கும் அவனைப் போன்ற ஒவ்வோர் ஊழியருக்கும் முதலாளி மாதந்தோறும் அரசாங்கத்துக்குத் தீர்வை கட்ட வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து உயர்திறன் பெற்றவருக்கு 500 வெள்ளி, அடிப்படைத் திறன் உள்ளவருக்கு 900 வெள்ளி. அதை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது, என் வாடிக்கையாளரும் பிடிப்பதில்லை. ஆனால் ஒரு முதலாளி ஓர் ஆளுக்கு ஆகும் மொத்தச் செலவைப் பார்த்துத்தான் சம்பளம் பேசுகிறார். அந்த நிறுவனத்தின் ஏட்டில் சம்பளமும் தீர்வையும் அடுத்தடுத்த வரிகளில் உட்கார்ந்திருக்கின்றன. மாதா மாதம் நான்தான் எழுதுகிறேன். சில பெயர்களுக்கு எதிரே அந்த இரண்டு எண்களுக்கும் அதிக வித்தியாசம் இருப்பதில்லை. வருமானவரி கட்டாதவன் என்று அவனைச் சொல்லிவிடலாம். இந்த ஏட்டைப் பார்த்த பிறகு அவன் வழியாக ஒன்றும் வருவதில்லை என்று சொல்ல முடியாது. மத்திய சேமநிதியும் அவனுக்கு இல்லை. கிழவனானபின் பார்த்துக்கொள்ள அவனுக்கு இருப்பது அந்த 916தான்.

அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வெற்றிலைப் பெட்டியை மூடினார். பிறகு தன் கழுத்துச் சங்கிலியை எடுத்து வெளியே விட்டுக் காட்டினார். 1981இல் அப்பா இதே சிராங்கூன் சாலையில் வாங்கியது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அப்போது அவரும் ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர்தான். "உங்கள் அப்பா வாங்கின அன்றைக்கு இந்த வரி ஏது? எடை போட்டார்கள், காசை வாங்கினார்கள், அவ்வளவுதான்" என்றார். அண்ணன் அந்தச் சங்கிலியைப் பார்த்தான். வேறொன்றும் சொல்லவில்லை. என் கட்சிக்கு வந்துவிட்டான் என்றும் சொல்ல மாட்டேன்.

செய்யக்கூடியது

நான் கேட்பது பெரியது இல்லை. கடப்பிதழைப் பதிவதற்கு முறை இருக்கிறது, சாங்கி விமான நிலையத்தில் இயந்திரம் இருக்கிறது, சுங்க அதிகாரி பொருளைப் பரிசோதிக்க மேசை இருக்கிறது. வேலை அனுமதி அட்டை எண் ஒவ்வொன்றும் அரசாங்கத்திடம் இருக்கிறது. விடுப்பிலோ நிரந்தரமாகவோ ஊர் திரும்பும் ஊழியர், தான் எடுத்துப் போகும் பொருளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஓர் உச்சவரம்புக்குள், இந்த வரியைத் திரும்பப் பெற வழி செய்யலாம். உச்சவரம்பு கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் ஊழியரின் பெயரில் வேறு யாராவது கிலோ கணக்கில் வாங்குவார்கள். வணிகர்களை எனக்குத் தெரியும், அந்த ஆபத்து உண்மையானது. ஆண்டுக்கு 3,000 வெள்ளிப் பொருள் என்று வைத்தால் ஒருவருக்குத் திரும்பப் போவது அதிகபட்சம் 270 வெள்ளி. தீர்வையாக ஓராண்டில் வருவது குறைந்தது 6,000. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி மட்டும் கேட்கிறேன். பல நாடுகள் இப்படிச் செய்வதில்லையே என்றால், இந்த ஊர் எத்தனையோ விஷயங்களில் பிறர் செய்யும்வரை காத்திருந்ததில்லை.

தம்பி ஜூன் நடுவில் ஊருக்குப் போனான். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. படங்கள் அனுப்பினான். சங்கிலி பட்டுப் புடவையின் மீது பளிச்சென்று தெரிந்தது. எடையைப் பற்றி அவனும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஜூலை கடைசி வாரம் வேலைக்குத் திரும்பிவிட்டான்.

அதே வாரத்தில் அந்த நகைக்கடையின் ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்கான ஜிஎஸ்டி படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். ஜூலை 31க்குள் போய்ச் சேர வேண்டும். ரசீதுகளை நாள்வாரியாக அடுக்கிக் கூட்டிக்கொண்டே வந்து ஜூன் முதல் தேதிக் கட்டை எடுத்தேன். நடுவில் அவனுடைய ரசீதின் நகல் இருந்தது. 19 கிராம், 2,660 வெள்ளி முதல் கட்டத்தில் போய்ச் சேர்ந்தது. 239 வெள்ளி 40 காசு ஆறாம் கட்டத்தில். அந்தக் காலாண்டில் விற்ற கட்டித் தங்கமெல்லாம் மூன்றாம் கட்டத்தில், விலக்குப் பெற்றவை. சென்னைக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்த தொகையைப் பத்தாம் கட்டத்தில் எழுதினேன். ஆண்டுக்கணக்காக நிரப்பும் படிவம், கண்ணை மூடிக்கொண்டு கை போகும். அன்றைக்கு ஒவ்வொரு கட்டத்திலும் நின்று நின்று எழுதினேன். கூட்டல் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். சரியாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.